வயல் வெயிலில் சிறுநீரகத்தைக் காப்பது

சிறுநீரகத்தின் உட்பகுதி எப்போதுமே ஒட்சிசன் குறைவில்தான் இயங்குகிறது. உப்பை மீள உறிஞ்சும் நுண்குழாய்க் கலங்களோ ஒட்சிசனை அள்ளிச் செலவழிப்பவை. வன்னி வெயிலில் உடல் வற்றி இரத்த ஓட்டம் குறைந்தால் முதலில் வாடுவது அவைதான். திரும்பத் திரும்ப வாடினால் அங்கே நார்த்திசு படிந்து தழும்பாகும். தழும்பு நுண்ணிய இரத்தக்குழாய்களைக் குறைக்க, ஒட்சிசன் இன்னும் குறையும். இந்தச் சுழலை மெதுவாக்கலாம். முற்றிய தழும்பை மாற்ற முடியாது.

அருவி வெட்டின்போது, அதாவது நெல் அறுவடையில், 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை, ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் தண்ணீர் குடியுங்கள். தாகத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்டவும் வேண்டாம், இரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

நாரி நோவுக்கு டைக்குளோபெனாக், இபுபுறொபன் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குவதுதான் மிக மோசம். வற்றிய உடலில் சிறுநீரக இரத்தக்குழாய்களை விரித்து வைத்திருக்கும் சுரப்பையே அவை தடுக்கின்றன. தேவையென்றால் அளவோடு பரசிற்றமோல்.

சிறுநீரக நோயின் தொடக்கத்தில் நோவும் இராது, வீக்கமும் இராது. ஆகவே ஆண்டுக்கொருமுறை இரத்தத்தில் கிரியற்றினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்) இரண்டையும் பாருங்கள்.