வெளியே போகுது, உள்ளே வரலை

அலுவலகத்துக்குப் புதிதாக ராக்கி லினக்ஸ் சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளைப் போட்டேன். மெயில் வெளியே போனது. வெளியிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. முதலில், டொமைன் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் மேல்தான் சந்தேகம். எங்கள் மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று அதில் சொல்லும் எம்எக்ஸ் பதிவு சரியாகவே இருந்தது. ஃபயர்வாலிலும், மெயில் வரும் 25ஆம் போர்ட் திறந்திருந்தது.

சர்வருக்குள்ளிருந்து டெல்நெட் கட்டளையால் அந்தப் போர்ட்டுக்கு இணைப்பு போட்டால், 'தயார்' என்று பொருள்படும் 220 பதிலாக வந்தது. பக்கத்துக் கணினியிலிருந்து போட்டால், காத்திருக்கக்கூட விடாமல் உடனே இணைப்பு மறுப்பு. அங்கேதான் பொறி தட்டியது. ஃபயர்வால் விழுங்கியிருந்தால் பெரும்பாலும் பதிலே வராமல் தொங்கிக்கொண்டிருக்கும். உடனே மறுத்தால், அந்த முகவரியில் கேட்க ஆளே இல்லை என்று அர்த்தம்.

எந்த நிரல் எந்த முகவரியில் கேட்கிறது என்று காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால், போஸ்ட்ஃபிக்ஸ் 127.0.0.1இல், அதாவது சர்வர் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் முகவரியில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது! அதன் அமைப்புக் கோப்பான மெயின் சிஎஃப்பில், எந்த முகவரிகளில் கேட்க வேண்டும் என்று சொல்லும் 'ஐநெட் இன்டர்ஃபேசஸ்' லோக்கல்ஹோஸ்ட் என்றே இருந்தது. 'ஆல்' என்று மாற்றி ரீலோட் செய்தேன், அதாவது நிறுத்தாமலே கோப்பை மறுபடி படிக்கவைத்தேன். பலனில்லை. இந்த ஒரு அமைப்புக்கு ரீலோட் போதாதாம், நிறுத்தித் தொடங்க வேண்டும். அரை மணி நேரம் வீண்.

அப்புறம் மெயில் வந்தது, ஆனால் வாசலிலேயே 554 என்ற நிரந்தர மறுப்பு: 'ரிலே அனுமதி இல்லை', அதாவது வேறு டொமைனுக்கான மெயிலை வாங்கிக் கடத்த மாட்டேன் என்று. எந்த டொமைன்களின் மெயில் இங்கேயே சேர வேண்டும் என்று சொல்லும் 'மைடெஸ்டினேஷன்' பட்டியலில் எங்கள் டொமைன் பெயரே இல்லை. சேர்த்தேன். ஏற்கெனவே இணைப்பு கிடைக்காமல் அனுப்பியவர்களின் சர்வர் வரிசையில் காத்திருந்தவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நடுவில் 554 வாங்கியவர்களிடம் மட்டும் மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதாயிற்று.