பணத்தில் ஏமாற்றிய அப்பா அம்மாவை மன்னிப்பது எப்படி? முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்

சேமித்து வைக்கச் சொல்லி வருஷக்கணக்கில் நீங்கள் கொடுத்த பணம் கணக்கில் இல்லை. அல்லது உங்கள் பெயரில் உங்களுக்கே தெரியாமல் ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, தவணை தவறி வசூல்காரர் போன் செய்த பிறகுதான் விஷயமே வெளியே வருகிறது. எடுத்தது அப்பா, அம்மாவுக்கும் தெரியும். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் "பெத்தவங்கதானே, விட்டுடு" என்று ஒரு சித்தப்பா கிளம்பி வருவார். (அவர் கடனைக் கட்ட மாட்டார்.) மன்னிப்பது ஒரு வேலை, திரும்ப நம்புவது வேறு வேலை, பணத்தைத் திரும்ப அவர்கள் கையில் கொடுப்பது மூன்றாவது. முதலாவதைச் செய்தால் மற்ற இரண்டும் தானாக வந்துவிட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதால்தான் பலருக்கு மன்னிக்கவே பயமாக இருக்கிறது.

அதனால் பணம் போகிற வழியை முதலில் அடைத்துவிடுங்கள். கூட்டுக் கணக்கிலிருந்து உங்கள் சம்பளத்தை வேறு கணக்குக்கு மாற்றுங்கள், பாஸ்வேர்டையும் பின் எண்ணையும் மட்டும் மாற்றினால் போதாது, ஓடிபி எந்த போனுக்கு வருகிறது, பாஸ்வேர்டு மறந்தால் மீட்கப் பயன்படும் மின்னஞ்சல் யாருடையது என்றும் பாருங்கள். கடன் அறிக்கையை (கிரெடிட் ரிப்போர்ட்) எடுத்து உங்கள் பெயரில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் வழக்கறிஞரைப் பார்த்து ரத்து செய்யுங்கள். நீங்களே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர்கள் கட்டாதபோது பாக்கி உங்கள் தலையில்தான் விழும், நீங்கள் அப்பாவை மன்னித்தது வங்கிக்குத் தெரியாது. உங்கள் கையெழுத்தை அவர்களே போட்டிருந்தால் விஷயம் இன்னும் சிக்கல். "சரி, நானே கட்டிடறேன்" என்று ஒரு தவணை கட்டினால்கூட அந்தக் கடனை நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம், ஆகவே கட்டுவதற்கு முன்பே சட்ட ஆலோசனை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பேச்சு. முழுத் தொகை என்ன, யாருக்கெல்லாம் பாக்கி என்று ஒரே தடவையில், காகிதத்தோடு கேளுங்கள். பொதுவாக இவ்வளவுதான் என்று பாதியைச் சொல்வார்கள், கொஞ்ச நாள் கழித்து மீதி வெளியே வரும், அந்த இரண்டாவது அடி முதல் அடியைவிட மோசமாக வலிக்கும். தொகை தெரியாமல் மன்னிப்பது வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவது மாதிரி.

ஏன் எடுத்தார்கள் என்பதையும் கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் இனி என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. சூதாட்டம் என்றால் அது சிகிச்சை தேவைப்படும் பழக்கம், அழுது சத்தியம் செய்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தொழில் நொடித்ததை மானத்துக்குப் பயந்து மறைத்தார்கள் என்றால் மன்னிப்பது ஓரளவு சுலபம். இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க எடுத்தார்கள் என்றால் வலி பணத்தைப் பற்றியதே இல்லை, அதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "உன் பணம் எங்க பணம்தானே" என்று நிஜமாகவே நம்புகிறவர்கள்தான் ரொம்பக் கஷ்டம், தப்பு என்றே தெரியாததால் திரும்பவும் எடுப்பார்கள். கூடவே, தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர் மேல்தான் சிலருக்கு அதிகக் கோபம் வரும், அதுவும் நியாயமான கோபம்தான்.

மன்னிப்புக் கேட்பதைப் பற்றி, ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் ஆறு கூறுகளைப் பிரித்துப் பார்த்ததில் பொறுப்பை ஒப்புக்கொள்வதுதான் முதலிடம், ஈடுசெய்ய முன்வருவது அடுத்தது, "என்னை மன்னித்துவிடு" என்று கேட்பது கடைசி. ஆகவே அந்தக் கடைசி வார்த்தைக்காகக் காத்திருக்காதீர்கள், "உன்னைக் கேட்காமல் நான்தான் எடுத்தேன்" என்று வருகிறதா என்று பாருங்கள். திருப்பித் தர முடியுமென்றால் சின்னத் தொகையானாலும் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். முடியாதென்றால் இனி கேட்க மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "இருக்கும்போது குடுங்க" என்பதுதான் இரண்டு பக்கமும் வருஷக்கணக்கில் அரிக்கும்.

மனசு உடனே ஒத்துழைக்காது. உளவியலாளர் எவரெட் வொர்திங்டன், மன்னிப்பதென்று எடுக்கும் முடிவையும் மனம் ஆறுவதையும் தனித்தனியாகப் பார்க்கிறார், இது பெரிய உதவி. பழிவாங்க மாட்டேன், ஒவ்வொரு சண்டையிலும் இதை இழுக்க மாட்டேன் என்று இன்றைக்கே முடிவெடுக்கலாம், கோபம் பின்னால் மெதுவாக இறங்கட்டும். ஒப்புக்கொள்ளாத பெற்றோரையும், இறந்துபோனவர்களையும்கூட இப்படி மன்னிக்க முடியும், அவர்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. நினைப்பு சுற்றிச்சுற்றி வந்தால் எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுத வைத்தார். எழுதியதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். எழுத எழுத நிலைமை மோசமானால் நிறுத்திவிட்டு ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

அடுத்த முறை பணம் கேட்பார்கள், அதற்கான பதிலை இப்போதே தயாராக வைத்திருங்கள். "பணமா தர முடியாதுப்பா, மருந்து பில்லையும் வாடகை விவரத்தையும் அனுப்புங்க, நேரா கடைக்கும் வீட்டு ஓனருக்குமே கட்டிடறேன்." இதற்கும் கோபப்பட்டால் பழைய கதைக்குள் போகாமல் அதே பதிலை அப்படியே திரும்பச் சொல்லுங்கள்.