நேரமில்லாதவர்களும் உடற்பயிற்சிச் செயலியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடற்பயிற்சிச் செயலியை ஆர்வத்தோடு கைபேசியில் நிறுவிய பலர், சில வாரங்களிலேயே அதைத் திறப்பதை நிறுத்திவிடுகிறார்கள். தமது சோம்பல்தான் காரணம் என்று அவர்கள் நொந்துகொண்டாலும், கோளாறு பல நேரங்களில் இலக்கிலேயே இருக்கிறது. அலுவலகம், பயணம், வீட்டு வேலை ஆகியவற்றுக்கு நடுவே அரைமணி நேரம் ஒதுக்கவே திணறும் ஒருவர், செயலி முன்கூட்டியே நிரப்பிவைத்திருக்கும் எண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்.

அந்த எண் பெரும்பாலும் நாளொன்றுக்கு 10,000 காலடி. இது மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்ன அளவன்று. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்தபோது, அங்குள்ள நிறுவனமொன்று 1965இல் விற்பனைக்குக் கொண்டுவந்த நடைமானியின் பெயரிலேயே இடம்பெற்றிருந்த எண் அது. சராசரியாக 72 வயதுடைய அமெரிக்கப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்த வேறுபாடு கூடவில்லை. முதியோரிடம் கண்ட முடிவை இளையோருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், பத்தாயிரத்தை எட்டாத நாள் வீணான நாள் என்ற எண்ணத்தை விட்டுவிட இதுவே போதும். முதல் வாரம் இலக்கைப் பார்க்காமல் வழக்கம்போல் நடமாடி, செயலியை எண்ண மட்டும் விடுங்கள். சராசரி 3,500 என்று வந்தால், இலக்கை 4,500 என்று மாற்றிக்கொள்வது எட்டக்கூடிய தொடக்கமாக இருக்கும்.

அடுத்த தவறு, நாள் தவறாத தொடர்ச்சியை உயிராகக் கருதுவது. தொடர் நாள் கணக்கு ஊக்கம் தருவது உண்மைதான். ஆனால் மாதக் கடைசி வேலையாலோ குழந்தையின் காய்ச்சலாலோ அது ஒருமுறை அறுந்து சுழியத்துக்குத் திரும்பும்போது, அத்தனை நாள் உழைப்பும் அழிந்துவிட்டதாகத் தோன்றி, பலர் அத்தோடு கைவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்தைத்தான் அலகாகக் கொள்கிறது: மிதமான வேகத்தில் 150 முதல் 300 நிமிடங்கள். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் அதில் கைவிடப்பட்டது. ஆகவே, பேருந்து நிறுத்தத்துக்கு விரைந்து நடந்த ஆறு நிமிடமும், மின்தூக்கியைத் தவிர்த்து ஏறிய மாடிப்படிகளும் கணக்கில் சேரும். உங்கள் செயலியில் வார இலக்கு வைக்கும் வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஆப்பிள் வாட்ச் கூட, 2024இல் வந்த மென்பொருளில்தான் அன்றன்றைய இலக்கு எவ்வளவு நிறைவேறியது என்று காட்டும் வளையங்களை, தொடர்ச்சி அறுந்துவிடாமல் ஓய்வு நாளில் நிறுத்திவைக்க இடம் கொடுத்தது. அது வெகு காலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய வசதி.

எரித்த கலோரி என்று திரையில் தெரியும் எண்ணை நம்பிச் சாப்பிடுவது இன்னொரு தவறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் மணிக்கட்டுக் கருவிகள் ஏழினைச் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, இதயத் துடிப்பை ஆறு கருவிகள் ஓரளவு சரியாகவே அளந்தன. கலோரிக் கணக்கிலோ, மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழையாகக் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்து மாலையில் இரண்டு பஜ்ஜியைக் கூடுதலாக அனுமதித்துக்கொள்பவர், எடை குறையவில்லையே என்று பின்னர் செயலியின் மீதே நம்பிக்கை இழக்கிறார்.

கருவி எண்ணாததெல்லாம் நடக்காதது என்று கருதுவதும் ஊக்கத்தைக் கெடுக்கும். மேசை மேல் கிடக்கும் கைபேசிக்கு நீங்கள் நடப்பது தெரியாது. எடை தூக்குவதும் மிதிவண்டி ஓட்டுவதும் காலடிக் கணக்கில் ஒழுங்காகப் பதிவாவதில்லை. அவற்றைக் கையால் பதிந்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் பேட்டரி சேமிப்பு ஏற்பாடு பின்னணியில் இயங்கும் செயலியை நிறுத்திவிடுவதும் உண்டு என்பதால், அடிகள் திடீரெனக் குறைந்து தெரிந்தால் முதலில் அந்த அமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

மணிக்கொருமுறை எழுந்து நிற்கச் சொல்லும் அறிவிப்புகள் கூட்டத்தின் நடுவே ஒலித்தால் யாரும் எழப்போவதில்லை. நாளடைவில் எல்லா அறிவிப்பையும் பார்க்காமலே தள்ளிவிடும் பழக்கம்தான் வரும். உங்களால் உண்மையிலேயே எழுந்து நடக்கக்கூடிய வேளைக்கு, சாப்பாட்டு இடைவேளைக்கோ இரவு உணவுக்குப் பின்னரோ, ஒரே ஒரு நினைவூட்டலை வைத்துவிட்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள்.

நண்பர்களின் தரவரிசைப் பட்டியலில் சேர்வதானால், உங்களைப் போன்றே நேர நெருக்கடி உள்ளவர்களோடு சேருங்கள். மாரத்தானுக்குத் தயாராகும் ஒருவரோடு நாள்தோறும் ஒப்பிட்டுக்கொள்வது சோர்வையே தரும். ஊக்கத்துக்காக நடைப் பாதையைப் பலரும் பார்க்கும்படி பகிர்வதிலும் எச்சரிக்கை தேவை. ஓட்டத்தையும் மிதிவண்டிப் பயணத்தையும் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி, தன் பயனர்கள் சென்ற பாதைகளைத் தொகுத்து வெளியிட்ட உலக வரைபடத்தில் இராணுவ முகாம்களின் இருப்பிடங்களும் உட்பாதைகளும் தெரிந்துவிட்டது 2018 சனவரியில் பெரும் செய்தியானது. நாள்தோறும் ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடியும் நடை, உங்கள் வீட்டையும் நீங்கள் அங்கு இல்லாத நேரத்தையும் காட்டிக்கொடுக்கும். தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் மறைக்கும் வசதி ஸ்ட்ராவாவிலேயே உண்டு; முதல் பதிவைப் பகிர்வதற்கு முன்பே அதை இயக்கிவிடுவது நல்லது.