மோர்ஸ் படிக்கிறவர்கள் விடும் பிழைகள்

ஆங்கில எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளால் அனுப்பும் மோர்ஸ் குறியீட்டின் அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் புள்ளியும் கோடும் பாடமாக்குவதுதான் முதல் பிழை. மற்றப் பிழைகளுக்கெல்லாம் வேரும் அதுதான். அப்படிப் பாடமாக்கினவர் ‘டா-டி-டா’ கேட்டதும் கோடு, புள்ளி, கோடு என்று எண்ணி, அட்டவணையை நினைவில் தேடித்தான் ‘கே’ (K) என்று எழுதுவார். நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் அதற்கு நேரம் கிடைக்கும். 10 சொல்லை நெருங்கும்போது எண்ணி முடிக்குமுன்னே அடுத்த எழுத்து வந்துவிடும். பலர் சலித்துக் கைவிடுவது அந்த இடத்தில்தான். 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளி 60 மில்லிசெக்கன். எஸ், எச், 5 என்ற இலக்கம் மூன்றும் முறையே 3, 4, 5 புள்ளிகள். அவற்றை எண்ணிப் பிரிக்க முடியாது, ஓசையாகத்தான் பிடிக்கவேண்டும்.

அதனால் எழுத்தை மெதுவாகக் கேட்டுத் தொடங்கவே வேண்டாம். போனில் உள்ள பயிற்சிச் செயலியில் எழுத்தின் வேகத்தை 20 ஆகவும், இடைவெளியை நீட்டி மொத்த வேகத்தை 8 ஆகவும் வையுங்கள். தொனி 600 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கட்டும். கே, எம் இரண்டு மட்டும் முதலில். நூற்றுக்குத் தொண்ணூறு சரிவந்த பிறகே மூன்றாவது எழுத்து. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் இருப்பதைவிட தினமும் காலை, மாலை 15 நிமிடம் பலன் தரும்.

தவறவிட்ட எழுத்தை நினைத்துக்கொண்டு நிற்காதீர்கள், அடுத்த மூன்றும் போய்விடும். கொப்பியில் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

காது பழகுமுன் கீயை, அதாவது மோர்ஸ் அனுப்பும் விசையைத், தட்டத் தொடங்கினால் பிழையான தாளம் கையில் ஊறிவிடும். கோடு மூன்று புள்ளி நீளம், எழுத்துகளுக்கிடையே மூன்று, சொற்களுக்கிடையே ஏழு. இடைவெளி சுருங்கினால் ‘ஏ’யும் ‘என்’னும் சேர்ந்து ‘பி’ (P) ஆகிவிடும். முன்கையை மேசையில் வைத்து மணிக்கட்டால் அழுத்துங்கள், விரலால் குத்தவேண்டாம். இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் கிடைக்கும்வரை வானொலியில் அனுப்பாமல், ஒலி மட்டும் எழுப்பும் பஸரில்தான் தட்டவேண்டும்.

செயலியின் சுத்தமான ஒலியோடு மட்டும் நிற்பதும் பிழை. வானொலியிலும் கேட்டுப் பழகுங்கள்: 14.100 மெகாஹேர்ட்ஸில் உலகளாவிய வழிகாட்டி நிலையங்கள் (beacons) முறைவைத்து, 22 சொல் வேகத்தில் தம் பெயரான அழைப்புக் குறியும், 100, 10, 1, 0.1 வாட்டில் நான்கு நீண்ட தொனியும் அனுப்பும். இலங்கையின் 4எஸ்7பி (4S7B) அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் கொழும்புப் பக்கத்துச் சமிக்ஞை கிழக்கே கல்லடிக்கோ அக்கரைப்பற்றுக்கோ கேட்காமல் போகலாம், வானொலி அலையைத் திருப்பும் மேல்வளி அடுக்கான அயனமண்டலத்தில் தெறித்து நம் தலைக்கு மேலால் போய்விடும். அதைவைத்து அன்ரெனாவில் கோளாறு என்று முடிவுகட்டாமல், ஹொங்கொங்கின் விஆர்2பி (VR2B), கென்யாவின் 5இசட்4பி (5Z4B) இரண்டையும் தேடிப் பாருங்கள்.