மலையில் ஓடும் ஆட்டோமேட்டிக் காருக்கு கியர்பாக்ஸ் ஆயில் மாற்றும் விதம்

எங்கள் வீடு கோத்தகிரியில். 2011 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறேன். அம்மாவின் கண் பரிசோதனைக்காக மாதம் இரண்டு முறையாவது கோயம்புத்தூர் போய் வர வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் வண்டி ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானை வந்துவிட்டால் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். அப்புறம் ஒரு லாரியின் பின்னாலேயே ஊர்ந்து ஏற வேண்டியதுதான். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு எமன் இந்த ஊர்தல்தான்.

ஆட்டோமேட்டிக்கில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள். ஒன்று சுற்றித் தள்ளுகிற ஆயில் இன்னொன்றைச் சுற்ற வைக்கும். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போது இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. அந்த வித்தியாசம் சூடாக மாறி ஆயிலில் இறங்கும். உள்ளே இருக்கும் கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும் இதே ஆயில்தான். ஆயில் கெட்டால் எல்லாமே கெடும்.

"இந்த ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். நம்பி 70,000 கிலோமீட்டர் வரை விட்டுவிட்டேன். ரிவர்ஸ் போடும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்க ஆரம்பித்த பிறகுதான் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவைக் காட்டும் கம்பியை, உருவிப் பார்த்தேன். புது ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ரூஹ் அஃப்சா சர்பத் மாதிரி தெளிந்த சிவப்பாக இருக்கும். எனக்கு வந்தது கடுங்காப்பி நிறம். இப்போது 30,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். சமவெளியில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இவ்வளவு அவசரம் வேண்டாம். மலை வண்டிக்கு வேண்டும்.

தொடங்கும் முன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை கியர்பாக்ஸ் என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாம் ஒன்றல்ல. செலேரியோ, வேகன் ஆர் போன்றவற்றில் வரும் ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை ஒரு இயந்திரம் மிதிக்கிறது. அதற்கு ஏடிஎஃப் ஆகாது. பற்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடிக்கும் தனி ஆயில். 2014-க்குப் பிறகு வந்த சிட்டி ஆட்டோமேட்டிக் சிவிடிதான், அதில் இந்த ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். நான் எழுதுவது டார்க் கன்வெர்ட்டர் உள்ள, டிப்ஸ்டிக் வைத்த பழைய வகைக்கு. டிப்ஸ்டிக் இல்லாத மூடிய கியர்பாக்ஸில் ஆயிலின் வெப்பத்தைக் கருவி வைத்துப் பார்த்துத்தான் அளவு வைக்க முடியும். அதை வீட்டில் செய்யாதீர்கள். ஆயிலில் கருகிய வாடை வந்து கியரும் வழுக்கினால், அதையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் தொட வேண்டும்.

என் வண்டிக்கு ஹோண்டா ஏடிஎஃப் டிடபிள்யூ-1 (DW-1). பழைய புத்தகத்தில் இசட்-1 (Z-1) என்று போட்டிருந்தாலும் இதையே ஊற்றலாம். ஒரு தடவைக்கு இரண்டரை லிட்டர் போதும், மூன்று லிட்டர் வாங்கி வையுங்கள். ஆயிலை வடிக்கத் திறக்கும் போல்ட்டுக்குப் புது வாஷர் ஒன்று, 3/8 இஞ்ச் ராட்செட், நீளமான குழாய் வைத்த புனல், அளவுக்கோடு போட்ட ஜாடி, அகலமான பேசின், ஜாக், ஜாக் ஸ்டாண்ட் இரண்டு. துடைக்கப் பழைய வேட்டித் துணி எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் வேஸ்ட் நூல் விடும். அந்த நூல் கியர்பாக்ஸுக்குள் போகக் கூடாது.

மலைக்காரர்களுக்கு உண்மையான சிக்கல் சமதரைதான். எங்கள் வாசல் பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தபோது குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது. சரிவில் ஜாக் ஏற்றுவது உயிருக்கு ஆபத்து, ஆயில் அளவும் தப்பாகக் காட்டும். அதனால் பக்கத்தில் தேயிலை எடை போடும் கொட்டகையின் சிமெண்ட் தரையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், இலை வராத நாளில். அங்கே குமிழி நடுக்கோட்டில் நிற்கிறது. இப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் வேலையைத் தள்ளிப் போடுங்கள், சரிவில் சமாளிக்க வேண்டாம்.

முதலில் ஆயிலைச் சூடாக்க வேண்டும். டிசம்பர் காலையில் என்ஜினைச் சும்மா ஓட விட்டால் சூடு ஏறாது. கட்டபெட்டு வரை ஓட்டிவிட்டுத் திரும்பினால் சரியாக இருக்கும். வந்ததும் என்ஜினை அணைத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வடித்தால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் சில்வர் ஓக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. டிப்ஸ்டிக்கை முதலிலேயே உருவி வையுங்கள். ஆயில் ஊற்றப்போவது அந்த வழியாகத்தான். அது வராமல் சிக்கிக்கொண்டால் வடித்த பிறகு தவிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, போல்ட். இங்கேதான் நான் தப்புச் செய்தேன். முதல் முறை என்ஜின் ஆயில் மாற்றக் கற்றுக்கொண்ட நாளில், அடியில் கண்ணில் பட்ட போல்ட்டைத் திறந்துவிட்டேன். பேசினில் பழுப்புச் சிவப்பாக ஊற்றியது. பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "ஐயோ டீச்சர், வண்டியை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, நீங்க தொறந்தது கியர்பாக்ஸ்!" என்றார். அவர் மட்டும் வராமல் இருந்திருந்தால், நிறைந்திருக்கும் என்ஜினில் இன்னும் ஆயிலை ஊற்றி, காலி கியர்பாக்ஸோடு ஓட்டியிருப்பேன். அடையாளம் இதுதான்: என்ஜின் ஆயில் போல்ட்டுக்கு வெளியே ஆறு முனைத் தலை, ஸ்பேனர் போட வேண்டும். கியர்பாக்ஸ் போல்ட்டின் நடுவில் சதுரக் குழி இருக்கும், ராட்செட்டின் சதுர முனை நேராக அதற்குள் உட்காரும்.

ராட்செட்டை முழுதாக உள்ளே அழுத்தித்தான் திருப்ப வேண்டும், மேலோட்டமாக வைத்தால் குழியின் முனைகள் மழுங்கிவிடும். வடிந்து சொட்டுச் சொட்டாக நிற்கும்வரை பொறுங்கள். இதற்கிடையே போல்ட்டைப் பாருங்கள். அதன் நுனியில் காந்தம் இருக்கிறது. கண்மையைக் குழைத்து அப்பியது போல கரும்சாம்பல் பசை ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் நைஸாக வழுக்கினால் கவலை இல்லை, அது வழக்கமான தேய்மானம். நறநறவென்று துகள் தட்டுப்பட்டாலோ ஊசி போல இரும்பு தெரிந்தாலோ மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பசையைத் துடைத்துவிட்டு, புது வாஷரோடு மாட்டி, 49 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கடனாகக் கிடைத்தால் நல்லது.

வடிந்ததை ஜாடியில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே அளவு புது ஆயிலை ஊற்ற வேண்டும், கண்மதிப்பு வேண்டாம். கூடினால் நுரைக்கும். குறைந்தால் ஏற்ற வளைவில் பம்ப் காற்றை இழுக்கும். குளிரில் ஆயில் கெட்டியாக இறங்கும் என்பதால், மூடி இறுக்கிய கேனைச் சுடுநீர் வாளியில் பத்து நிமிடம் வைத்து, வெளியே நன்றாகத் துடைத்துவிட்டு ஊற்றுகிறேன். டிப்ஸ்டிக் ஓட்டை சிறியது, கால் மணி நேரமாவது ஆகும்.

வண்டியை இறக்கி, என்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் சில விநாடி வைத்து எடுங்கள். மறுபடி ஒரு ஓட்டம் ஓட்டிச் சூடாக்கி, அதே சமதரையில் நிறுத்துங்கள். ஹோண்டாவில் என்ஜினை அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு பல கம்பெனி வண்டிகளில் என்ஜின் ஓடும்போதே பார்ப்பார்கள், உங்கள் புத்தகம் சொல்வதைச் செய்யுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் நின்றால் சரி.

மொத்தம் ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவான ஆயிலில் ஒரு தடவைக்கு இரண்டரைதான் வடியும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். முதல் மாற்றத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் பழையதுதான். ரொம்ப நாள் விட்ட வண்டிக்கு வாரம் ஒரு முறையாக மூன்று தடவை மாற்றினால் பழையது ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். என் வண்டியின் ரிவர்ஸ் குலுக்கல் இரண்டாவது தடவையிலேயே நின்றுவிட்டது.

பழைய ஆயிலைக் காலி கேனிலேயே ஊற்றி மூடி, பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து ஓடையில் ஊற்றாதீர்கள். கோத்தகிரிப் பக்கத்து ஓடைகள் கடைசியில் பவானியில் சேருகின்றன. அந்தத் தண்ணீரை மேட்டுப்பாளையத்தில் குடிக்கிறார்கள்.

அன்றிரவு வண்டிக்கு அடியில் ஒரு நாளிதழை விரித்து வைப்பேன். காலையில் அதில் சிவப்புச் சொட்டு இல்லை என்றால், அரவேணு வரை இறங்கி ஏறி, இன்னொரு முறை டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு, கிலோமீட்டரை நோட்டில் குறித்துக்கொள்கிறேன்.