கடற்காற்றும் துப்பாக்கித் துருவும்

திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என் பெயரில் உரிமம் உள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி, தாத்தா காலத்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் செந்துரு பூத்துவிடும். முதலில் தேங்காய் எண்ணெய் தடவினேன். பிசுக்குப் பிடித்து விசை இறுகிப்போனது. என் புத்தியைச் சொல்ல வேண்டும்! அப்புறம் ஈரம் விரட்டும் ஸ்ப்ரே. ஈரம் போனது, சரி. படலம் மெல்லியது, நிற்கவில்லை.

கடைசியில் பாலிஸ்டால். 1904-இல் ஜெர்மனியில் உருவான எண்ணெய். லேசான காரத்தன்மை உள்ளதால் கை வியர்வையின் அமிலத்தைச் சமன்செய்யும். மரக்கட்டைக்கும் கெடுதல் இல்லை. வாடைதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தோட்டா இல்லை என்று இருமுறை பார்த்துவிட்டு, துணியில் நான்கு சொட்டு விட்டுத் துடைக்கிறேன். குழலுக்குள் மிஞ்சும் எண்ணெயை உலர்ந்த துணியால் எடுத்துவிடுவேன். தோலுறையில் வைப்பதையும் நிறுத்திவிட்டேன்; தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.