பிரசவ ரத்தப்போக்கை நிறுத்த ஆணுறை பலூன் வைக்கும் முறை

டாக்காவின் மகப்பேறு மருத்துவர் சாயிபா அக்தர் 2003-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மருந்துக்கு அடங்காத பிரசவ ரத்தப்போக்கில் 23 பெண்களின் கருப்பைக்குள் ஆணுறையை வைத்து, அதைச் சலைனால் (உப்புக் கரைசலால்) நிரப்பி, பலூன் போல உப்ப வைத்திருந்தார். எல்லோருக்கும் 15 நிமிடத்துக்குள் ரத்தம் நின்றது. இதற்கென்றே தயாரித்து விற்கும் விலை அதிகமான பலூனுக்கு மாற்றாக வந்த அந்த முறையைப் பயிற்சி பெற்ற மருத்துவரும் செவிலியரும் செய்யும் விதம் இது.

ரத்தம் கொட்டியதும் முதலில் எடுக்க வேண்டியது ஆணுறை அல்ல. கருப்பையைத் தேய்த்துவிட்டு, கருப்பையை இறுக வைக்கும் ஆக்ஸிடோசினும், குழந்தை பிறந்து 3 மணி நேரத்துக்குள் ரத்தம் உறைய உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராமும் கொடுத்தும் கருப்பை இறுகாமல் தொளதொளவென்று இருந்தால்தான் பலூன். நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியிருக்கிறதா, கருப்பைவாயோ யோனியோ கிழிந்திருக்கிறதா, கருப்பையே வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கிழிசலுக்குத் தேவை தையல். பலூன் அங்கே நேரத்தைத்தான் தின்னும்.

தேவையானவை: கிருமி நீக்கிய 16-ஆம் எண் ரப்பர் கதீட்டர் (மெல்லிய குழாய்), ஆணுறை, பட்டு நூல், டிரிப் செட், அரை லிட்டர் நார்மல் சலைன், ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி), ஸ்பாஞ்ச் ஃபோர்செப்ஸ் (நீண்ட இடுக்கி), நாடாத் துணி (நீளமான மருத்துவத் துணி). சிறுநீரை வடிக்கச் சிறுநீர்ப்பைக்குத் தனியாக ஒரு ஃபோலி கதீட்டர். தாய்க்கு லேடெக்ஸ் (ரப்பர்) ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கதீட்டரின் நுனி ஆணுறைக்குள் இருக்கும்படி நுழைத்து, ஆணுறையின் வாய்ப்பக்கத்தில் நூலால் கட்ட வேண்டும். பெரும்பாலும் சொதப்புவது இந்த முடிச்சில்தான். தளர்ந்தால் சலைன் கசியும். இறுக்கிவிட்டால் ரப்பர் நசுங்கி, சலைன் உள்ளேயே போகாது. ஆகவே கட்டியவுடன் கொஞ்சம் சலைன் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் ஓடி, முடிச்சடியில் ஈரம் கசியாமல் இருந்தால் சரி. பிறகு அந்தச் சலைனையும் காற்றையும் முழுக்க வெளியேற்றிவிடுங்கள்.

சிறுநீர்ப்பையைக் காலி செய்து, கருப்பைவாயை ஃபோர்செப்ஸால் பிடித்து, ஆணுறை முழுவதையும் கருப்பையின் மேற்பகுதிவரை செலுத்துங்கள். பாதி வெளியே நின்றால், நிரப்ப நிரப்ப அது யோனிக்குள் உப்பி வழுக்கி வந்துவிடும். ஃபோர்செப்ஸ் முனை ஆணுறையைக் கவ்வாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் கீறலே போதும், எல்லாம் வீண்.

இனி டிரிப் செட்டைக் கதீட்டரின் வெளிமுனையில் இணைத்து, சலைனைத் திறந்துவிடுங்கள். வழக்கமாக 250 முதல் 500 மி.லி. பிடிக்கும். இலக்கு அளவல்ல, ரத்தம் குறைவது; குறைந்ததும் நிறுத்தி, கதீட்டரின் வெளிமுனையை மடித்துக் கட்டுங்கள். பலூன் நழுவாதபடி யோனியில் நாடாத் துணியை அடைத்து, ஆக்ஸிடோசின் டிரிப்பை குறைந்தது 6 மணி நேரம் ஓடவிடுங்கள்.

15 நிமிடத்தில் நிற்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் ஊற்றிப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அறுவை சிகிச்சைக்குப் போங்கள். அறுவை சிகிச்சையும் ரத்தமும் உடனே கிடைக்கும் இடத்தில்தான் பலூன் வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் நிபந்தனை விதித்தது காரணத்தோடுதான். பெனின், மாலி நாடுகளில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், கருப்பையை இறுக வைக்கும் மிசோப்ரோஸ்டால் மருந்தோடு ஆணுறை பலூனைச் சேர்த்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, 1,000 மி.லி.க்கு மேல் ரத்தம் இழந்தவர்கள் அந்தக் குழுவில்தான் அதிகம்.

ரத்தம் நின்ற பிறகும் கண்ணை எடுக்கக்கூடாது. கருப்பையின் உச்சி எங்கே இருக்கிறது என்று வயிற்றில் பேனாவால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டி உச்சி ஏறினால் பலூனுக்கு மேலே ரத்தம் தேங்குகிறது. வெளியே துணி உலர்ந்திருந்தாலும் நம்பாதீர்கள். தொடக்கத்தில் 15 நிமிடத்துக்கொரு முறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். சிறுநீர் மணிக்கு 30 மி.லி.க்குக் குறையக்கூடாது.

24 முதல் 48 மணி நேரம் கழித்து, பகலில், அறுவை அரங்கு தயாராக இருக்கும் வேளையில் எடுப்பது நல்லது. ஒரேயடியாகக் காலி செய்யாமல் 10–15 நிமிடத்தில் மெதுவாக வடியவிடுங்கள். நடுவே ரத்தம் திரும்பினால் மறுபடி நிரப்பிவிட்டு மூத்த மருத்துவரைக் கூப்பிடுங்கள். அக்தரின் முறையில் நோய்த்தொற்றுக்கு எதிரான மருந்துகளாக அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், ஜென்டாமைசின் மூன்றும் 7 நாள் கொடுக்கப்பட்டன.